சிகாமட் ஸ்டேஷன் என்பது தவறான விடை

இன்று காலை ஆபீஸுக்கு மெர்சிங்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மேனேஜர் லிம் மேடம் எல்லோருக்குமாகச் சேர்த்து ஆர்டர் செய்திருந்த தெங்கிரி மீன் ஊறுகாய். ஒரு பாட்டிலின் மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது. பெட்டியைப் பிரித்ததுமே வெந்தயமும் நல்லெண்ணெயும் மீனும் கலந்த வாசனை பேன்ட்ரியைத் தாண்டி எங்கள் மேசை வரை வந்துவிட்டது. உன் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனாள். பிறகு நானும் போய்ப் பார்த்தேன். பெட்டியின் மேல் உன் மனைவி ஸ்டெல்லாவின் கையெழுத்தில் ஆபீஸ் முகவரி மட்டும் இருந்தது. எனக்கென்று ஒரு வரி இல்லை. பாட்டில் லேபிளில் கடையின் பெயர் புதிது, நீ வைத்த பெயர் இல்லை.

அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படிக்க நீ இல்லை என்பது தெரியும். உயிரோடு இருந்தபோதே என் நீளமான மின்னஞ்சல்களை முழுதாகப் படித்தவன் இல்லை நீ. "மொத வரியில விசயத்தைச் சொல்லுடா" என்பாய். சரி, விஷயம் இதுதான். நீ ஸ்டெல்லாவின் கடைக்கு வாங்கிக் கொடுத்த இணையப் பெயரை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெயரைவிடப் பெரிய ஒன்றையும் ஒரு மாதம் அவளிடமிருந்து பறித்து வைத்திருந்தேன். இரண்டுக்கும் உன் மேல்தான் எனக்குக் கோபம்.

நாம் செனாய்க்கு வேலைக்கு வந்த புதிது நினைவிருக்கிறதா? சுற்றிலும் தொழிற்சாலைகள். ஒன்றில் டயர், ஒன்றில் பிளாஸ்டிக், ஒன்றில் ஏதோ மின்சுற்றுப் பலகை. நம் ஆபீஸில் மட்டும் எதுவும் உற்பத்தியாகாது. இணையத்தளங்களுக்குப் பெயர் பதிந்து கொடுப்பது நம் பிழைப்பு. என் அம்மாவுக்கு இது கடைசி வரை விளங்கவில்லை. "பேரு வைக்கிறதுக்கு ஒரு கம்பெனியா?" என்று கேட்டார். நீதான் விளக்கினாய். "வைக்கிறது இல்லம்மா, வாடகைக்கு விடுறது. வருசா வருசம் கட்டணும். கட்டலன்னா வேற ஆளுக்குப் போயிரும்." போனில் கத்துகிற வாடிக்கையாளர்களிடமும் இதையேதான் சொல்வாய், அம்மாவிடம் பேசிய அதே குரலில். பாதிப் பேர் அந்தக் குரலுக்கே அடங்கிப் போவார்கள்.

காலக்கெடு முடிந்த பெயர் உடனே கைவிட்டுப் போய்விடாது. முதலில் ஏறக்குறைய ஒரு மாதம் சலுகைக் காலம். வழக்கமான கட்டணத்தைக் கட்டினால் போதும். பிறகு இன்னொரு மாதம் மீட்புக் காலம். அபராதத்தோடு மீட்கலாம். அதுவும் போனால் கடைசியாக ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் சொந்தக்காரர் வந்து அழுதாலும், நாமே மனது வைத்தாலும் ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகு பெயர் அவிழ்த்துவிடப்படும். முதலில் கை போடுகிறவருக்கு அது. கை என்று பேச்சுக்குச் சொல்கிறேன். இப்போதெல்லாம் இதற்கென்றே இயந்திரங்களை ஓட விட்டுக் காத்திருக்கிறார்கள், கண் சிமிட்டுவதற்குள் எடுத்துவிடுவார்கள்.

இப்படி ஏன் அவிழ்த்துவிட வேண்டும் என்று மதியச் சாப்பாட்டில் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒருவர் ஆசைப்பட்டு வைத்த பெயர் அவரோடு போகட்டுமே என்பேன். நீ கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சொன்னாய். "விடலன்னா நல்ல பேரெல்லாம் செத்தவங்க கையிலயே கெடக்கும்டா. இருக்கிறவன் எங்க போவான்?" எனக்கு அது சரியென்றே பட்டது. உன் வாயிலிருந்து வந்தால் பாதி விஷயம் சரியென்றுதான் படும், அதுதான் உன்னிடம் இருந்த தொல்லை.

குளுவாங்கிலிருந்து வந்த அந்த அம்மாவையும் நீ மறந்திருக்க மாட்டாய். புருஷன் இறந்த சில வாரங்களில், அவருடைய அண்ணன் இறப்புச் சான்றிதழோடு நம் கவுண்டருக்கு வந்து லாரிப் பட்டறையின் பெயரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நம்மில் ஒருவர், "தெரிஞ்ச குடும்பம்தான்" என்று சொல்லி அனுமதித்திருந்தார். விஷயம் தெரிந்து அந்த அம்மா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வரவேற்பறையில் நின்றவர் உட்காரவே இல்லை. நீ தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாய். அதையும் குடிக்கவில்லை.

அந்த வாரம்தான் நீ விதியை எழுதினாய். சொந்தக்காரர் இறந்துவிட்டால், நீதிமன்றம் தருகிற நிர்வாக உரிமைக் கடிதத்தோடு வருபவரிடம்தான் பெயரைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கின் பாதுகாப்புக் கேள்விக்கு வருபவரே சரியான பதில் சொல்ல வேண்டும். ஊழியர் யாரும் தெரிந்தவர் என்று சாட்சி சொல்லக் கூடாது. பதிலுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது. நம்மிடம் காலாவதியாகும் பெயரை ஊழியரோ அவருக்காக வேறு யாருமோ பிடிக்கக் கூடாது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். "தெரிஞ்சவங்கன்னு வர்றப்பதான்டா கண்ணை நல்லாத் தொறந்து வச்சுக்கணும்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஊழியர்களுக்கு ஆளுக்கொரு பெயர் முதல் வருடம் இலவசம் என்று கம்பெனி அறிவித்தபோது நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்குத் திறந்தோம். ஸ்டெல்லா அப்போதுதான் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்க ஆரம்பித்திருந்தாள். நீ அவளுடைய கடைக்குப் பெயரைப் பதிந்தாய், ஆனால் கணக்கை உன் பெயரிலேயே வைத்தாய். ஊழியர் சலுகையாம். பாதுகாப்புக் கேள்விக்குப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய்: உங்கள் துணையை முதலில் சந்தித்த இடம் எது? "தலையைத் திருப்பிக்கடா" என்றாய். திருப்பினேன், ஆனால் அதற்குள் பார்த்துவிட்டேன். நீ தட்டியிருந்தது ஸ்டெல்லாவை நீ முதலில் பார்த்த சிகாமட் இல்லை. பச்சைக் கத்திரிக்காய் என்று தட்டியிருந்தாய்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "உண்மையை எழுதுனா ஊர்ல யாரு வேணாலும் கண்டுபிடிப்பான். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியுமே நாங்க எங்க பாத்தோம்னு" என்றாய். அது உண்மைதான். வெள்ளத்தில் ரயில் சிகாமட்டில் நின்றுபோனதையும், பயணிகளுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுக்க வந்த உன்னிடம், மெர்சிங் பெண் ஒருத்தி, வெறும் சோறா என்று கேட்டுத் தன் பையிலிருந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுத்ததையும் உன் கல்யாணத்தில் ஃபாதரே பிரசங்கத்தில் சொன்னார். அதனால் பொய்யை எழுதினாய். நம் தொழிலில் இருக்கிறவன் செய்கிற கெட்டிக்காரத்தனம் அது.

இன்னொன்றும் செய்திருந்தாய், அது கெட்டிக்காரத்தனம் இல்லை. கணக்குக்கு உரிய மின்னஞ்சல் முகவரியை அதே பெயரில் உருவாக்கி வைத்திருந்தாய். பெயர் காலாவதியானால் அந்த அஞ்சல் பெட்டியும் சேர்ந்து செத்துவிடும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற வேலை. இதைச் செய்யாதீர்கள் என்று நாள் முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டிருந்தவன் நீ.

மெர்சிங் படகுத்துறையில் மீன் வாங்கப் போன ஒரு சனிக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. ஸ்டெல்லா ஒழுங்கானவள். நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் வங்கிக்குப் போய் நீ இறந்ததைச் சொல்லி உன் கார்டை மூடச் சொன்னாள். அந்தக் கார்டிலிருந்துதான் வருடா வருடம் பெயருக்கான கட்டணம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. கட்டணம் போகவில்லை என்ற எச்சரிக்கைகள் எல்லாம் கடவுச்சொல் யாருக்கும் தெரியாத உன் அஞ்சல் பெட்டியில் போய் விழுந்தன. சலுகைக் காலம் அப்படியே கழிந்தது. கடைப் பக்கம் திறக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

ஆபீஸ் எண்ணுக்குத்தான் கூப்பிட்டாள். நான் எடுத்தேன்.

"அண்ணே, ஸ்டெல்லா பேசுறேன். நல்லவேளை நீங்களே எடுத்தீங்க. கடை பேஜ் தொறக்கலண்ணே."

"புவான், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது" என்றேன், முன்பின் தெரியாத வாடிக்கையாளர் அம்மாவிடம் பேசுவதுபோல.

"என்னண்ணே, புவானெல்லாம்?" என்று சிரித்தாள்.

நிலைமையை எடுத்துச் சொன்னேன். அபராதத்தைக் கட்டத் தயார் என்றாள். நிர்வாக உரிமைக் கடிதம் இருக்கிறதா என்றேன். இப்போதுதான் மனுக் கொடுத்திருக்கிறாள், வர மாதக்கணக்காகும் என்றாள். அப்படியானால் பாதுகாப்புக் கேள்விதான் வழி. வாசித்தேன். மறுமுனையில் அவள் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது.

"இதானா? சிகாமட் ஸ்டேஷன் லா. உங்களுக்கே தெரியுமே."

தட்டினேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. தவறான விடை என்றேன். வெறும் சிகாமட் என்று போடச் சொன்னாள். அதுவும் தவறு. ரயில்வே ஸ்டேஷன் என்றாள், குரல் இறங்கிவிட்டது. மூன்று முறை தவறினால் கணக்கு ஒரு வாரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது.

"இல்லண்ணே, சிகாமட்தான். வேற எங்க?" என்றாள்.  பிறகு, "அப்ப அவரு என்னைச் சொல்லலையா?" என்று கேட்டாள்.

 உன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்த உண்மை அத்தனையும் தவறு என்று அந்தத் திரை சொல்லிவிட்டது. அது உன் விளையாட்டு என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். "அவன் உண்மையை எழுதல மா" என்று சொன்னால் அது துப்பு. துப்புக் கொடுக்கக் கூடாது என்பது உன் விதி. "புவான், ஒரு வாரம் கழிச்சு மறுபடி கூப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை.

லிம் மேடத்திடம் போனேன். நம்மில் ஒருவருடைய குடும்பம், ஒரே ஒருமுறை விலக்குக் கொடுங்கள் என்றேன். அவருக்கும் கண் கலங்கியது. உன் மேசைக்குப் பூங்கொத்து வாங்கி வைத்தவர் அவர்தான். ஆனால் இந்த விதியை எழுதியவனே நீதானே, உன் வீட்டுக்கே விலக்கென்றால் நாளைக்கு அடுத்தவர் அண்ணன் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.  நீ இருந்திருந்தால் நீயும் இதையேதான் கேட்டிருப்பாய். அதுதான் எனக்கு ஆத்திரம். கதவைச் செய்தவன் நீ, பூட்டைச் செய்தவன் நீ, உள்ளே மாட்டிக்கொண்டவன் நான்.

ஸ்டெல்லா வாரம் தவறாமல் கூப்பிட்டாள். இரண்டாவது முறை சிகாமட் பக்கமே போகவில்லை. நீ படித்த ஊரைச் சொன்னாள். நீ முன்பு வேலை பார்த்த மூவார் கடையைச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் அவள் சொன்ன இடங்கள் எனக்கே தெரியாதவை. உன் பழைய போட்டோக்களின் பின்னால் எழுதியிருந்த ஊர்களாம். துணை என்று நீ எழுதியது தன்னை இல்லை, வேறு ஒருத்தியை என்று அவள் முடிவு கட்டிவிட்டது எனக்குத் தெரிந்தது. தவறான விடை, புவான். தவறான விடை, புவான். சிரிப்பெல்லாம் நின்றுபோய் அவளும் என்னை அண்ணே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சார் என்றாள்.

பெயரையும் ஆட்கள் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். பல வருடப் பழைய பெயர், சமையல் பக்கங்கள் நிறைய அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தன. சூதாட்டப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு அப்படிப்பட்ட பெயர் என்றால் நாக்கில் எச்சில் ஊறும், உனக்குத் தெரியாததா? யாரோ இருவர் அதற்காகக் காத்திருப்பதை எங்கள் திரையிலேயே பார்த்தேன். வேறு கம்பெனி வழியாக நீங்களும் வரிசையில் நில்லுங்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். எல்லோருக்கும் சொல்கிற அறிவுரைதான் அது. நின்றாள். ஆனால் அவ்வளவு பெரிய இயந்திரங்களுக்கு முன்னால் அவளுடைய விண்ணப்பம் எம்மாத்திரம் என்று எனக்குத் தெரியும்.

மீட்புக் காலம் முடிந்து கடைசி ஐந்து நாள் தொடங்கிய அன்று விடுப்புப் போட்டேன். இனி எந்தப் பதிலும் எந்தக் கதவையும் திறக்காது. அதனால் எந்தப் பதிலைச் சொன்னாலும் விதி உடையாது. கோத்தா திங்கி வழியாக மெர்சிங்குக்குக் காரை ஓட்டினேன். வழியெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டம். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து ஒன்றும் தேறவில்லை.

ஸ்டெல்லா வீட்டின் பின்பக்கம் பலகையில் தெங்கிரி நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. பெயர் இனிமேல் கிடைக்காது என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். லேபிள்காரரிடம் வேறு பெயர் கொடுத்தாயிற்று என்றாள்.

"அந்தக் கேள்விக்கு அவன் எழுதுன பதில் எனக்குத் தெரியும் மா" என்றேன்.

கத்தி நின்றது.

"பச்சைக் கத்திரிக்காய்னு எழுதியிருந்தான்."

"என்னது?"

"பச்சைக் கத்திரிக்காய். உண்மையை எழுதுனா யாராச்சும் கண்டுபிடிச்சிருவாங்கன்னு அப்படி எழுதுனான். நான் பக்கத்துல இருந்தேன். சிகாமட்தான் மா. உன்னைத்தான். சிகாமட்டுங்கிறதனாலதான் அதை எழுதல."

அவள் எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். மீன் வாசனை போவதற்காகக் கழுவவில்லை என்று தெரிந்தது. திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். சிரிக்கப் பார்த்தாள். அது அழுகையாகத்தான் வந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஒரு மாசம்ணே" என்றாள். மறுபடி அண்ணே என்றுதான் சொன்னாள், அதுதான் இன்னும் வலித்தது. "ஒரு மாசமா அவரு சட்டைப் பையெல்லாம் துழாவிட்டு இருந்தேன். போன்ல இருந்த பொம்பளைப் பேருக்கெல்லாம் கூப்பிட்டு யாருன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டு போறத நிப்பாட்டிட்டேன். அந்த மனுசன் அங்க தனியா கெடந்தாரு."

நான் விதியைச் சொன்னேன். குளுவாங் அம்மாவைச் சொன்னேன். அந்த விதியை எழுதியது நீதான் என்றும் சொன்னேன். 

"பேரு போனாப் போவட்டும்ணே. பேரைக் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, சரி. என் புருசனையும் சேத்து எடுத்து வச்சுக்கிட்டீங்களே, அது எந்த ரூல்ல இருக்கு லா?"

அதற்குப் பிறகு அவள் மீனுக்குத் திரும்பிவிட்டாள். நான் முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். அந்த ஐந்து நாள் முடிந்த காலையில் பெயரை யாரோ எடுத்தார்கள். சில வாரத்தில் அதில் சீட்டுக்கட்டும் சுழலும் சக்கரமும் வந்தன. அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

அவள் கேட்டதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் விதியை வரிவரியாக மறுபடி படித்தேன். பதிலுக்குத் துப்புக் கொடுக்காதே என்றுதான் எழுதியிருக்கிறாய். நான்தான் அதை வாயையே திறக்காதே என்று படித்துக்கொண்டேன். உன் மேல் பழியைப் போடலாம் என்று உட்கார்ந்தவன், எழுதி எழுதி இந்த இடத்துக்கு வந்து நிற்கிறேன்.

இப்போது இறந்தவரின் கணக்கைத் திறக்கக் கேட்டு மனைவியோ மகளோ கூப்பிட்டால், பாதுகாப்புக் கேள்வியை வாசிப்பதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். விதியில் அது இல்லை. லிம் மேடம் பதிவுகளில் கேட்டிருப்பார், ஒன்றும் சொல்லவில்லை. "புவான், இந்தக் கேள்விக்கு நெறையப் பேரு உண்மையை எழுத மாட்டாங்க, வாயில வந்த வார்த்தையை எழுதி வைப்பாங்க. அதனால பதில் தப்புன்னு வந்தா, மனசுல எதுவும் வச்சுக்காதீங்க." அதை வைத்துக்கொண்டு யாராலும் எந்தக் கணக்கையும் திறக்க முடியாது. கேட்பவர்களில் சிலர் ஏன் இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். முதல் அழைப்பிலேயே ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் சொல்கிறேன், அவளுக்குச் சொல்லவில்லை.